ஏழாம் எண் இட்லி

இட்லி வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதில் மதுரையில் யாருக்கும் தகராறு கிடையாது. தகராறு செய்வதற்கு வேறு ஆயிரம் விஷயங்கள் இருக்கின்றன. ஆனால் எவ்வளவு வெள்ளை என்று அளந்து சொல்ல ஆள் இல்லையே என்ற கவலை 2007ஆம் ஆண்டு யாரோ ஒரு பெரிய மனிதருக்கு வந்துவிட்டது. பெரிய மனிதர்களின் கவலை வாரியமாகத்தான் பிறக்கும். அப்படிப் பிறந்ததுதான் தென்மண்டல உணவு வெண்மை மற்றும் நுண்தூய்மை மேம்பாட்டு வாரியம். திருப்பரங்குன்றம் சாலையில் வாடகைக் கட்டடம். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நாலடி நீளம். மிச்சப் பலகை பக்கத்து சைக்கிள் கடையின் மேல் நீட்டிக்கொண்டிருந்ததால், 'மேம்பாட்டு வாரியம்' என்ற எழுத்துகளுக்குக் கீழே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

ராமதாஸுக்கு இந்த வாரியம் பிறந்த சேதி தெரியாது. அவர் சௌராஷ்டிரக் குடும்பத்துக்காரர். வீட்டில் ஒரு மொழி, கடையில் ஒரு மொழி, இரண்டிலும் அதிகம் பேசாத மனிதர். ஊரின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பின்வாசலுக்கு எதிரே இருபத்திரண்டு வருஷமாக இட்லிக் கடை வைத்திருந்தார். முன்னால் கடை, பின்னால் வீடு. அவருடைய வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் உட்கார்ந்து ரசித்துச் சாப்பிடுகிறவர்கள் அல்ல. வார்டில் படுத்திருக்கும் யாருக்காகவோ தூக்குவாளியோடு ஓடி வருகிறவர்கள். "இன்னைக்கு இட்லி குடுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாருண்ணே" என்பார்கள், பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரி. அவர்களுக்கு முதல் ஈட்டிலிருந்து எடுத்து வைப்பார் ராமதாஸ்.

கடைக்கு மாவு ஆட்டுவது மனைவி நாகமணி. அவள் கருப்பு உளுந்தை ஊறப்போட்டு, தொலியைக் கழுவிக் களைந்து ஆட்டுவாள். எத்தனை தண்ணீர் மாற்றினாலும் நாலு தொலி ஒட்டிக்கொண்டு மாவுக்குள் போய்விடும். தொலி உளுந்து போட்டால்தான் இட்லி பூவாக வரும் என்பது அவள் கட்சி. அதனால் அந்தக் கடை இட்லியில் அங்கங்கே ஒரு கரும்புள்ளி இருக்கும். நிறமும் லேசாக மங்கல்தான். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் அதைக் குறை என்று சொன்னதில்லை.

2008 பிப்ரவரியில் ஒருநாள் காலை சஃபாரி சூட் போட்ட ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "ரெண்டு இட்லி வைங்கண்ணே" என்றார். வைத்தார். அவர் சாப்பிடவில்லை. பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து இட்லிக்குப் பக்கத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பெயிண்ட் கடைகளில் காட்டுவார்களே, அந்த மாதிரி அட்டை. அதில் ஒன்பது கட்டங்கள். ஒன்றாம் எண் தும்பைப்பூ, இரண்டு மல்லிகை, மூன்று சங்கு என்று ஆரம்பித்து, ஒன்பதாம் எண் 'வருந்தத்தக்க பழுப்பு' என்று முடிந்தது.

"ஏழு" என்றார் அவர். "மங்கிய வேட்டி."

"என்னாது?"

"ஒங்க இட்லி ஏழாம் எண்ணுண்ணே. நான் தவசி, வெண்மை ஆய்வாளர். மூணுக்குள்ள இல்லேன்னா மார்ச் முப்பத்தொண்ணுக்கு மேல ஒங்க உரிமத்தப் புதுப்பிக்க மாட்டாக."

"இட்லி நல்லா இருக்கான்னு ஒரு வாய் தின்னு பாருங்களேன்."

"ருசி எங்க துறையில வராதுண்ணே" என்றார் தவசி. நல்ல மனிதர்தான், குரலில் வருத்தம் இருந்தது. பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். 'வெண்ணொளி-40' என்று அச்சடித்திருந்தது. "இத ஒரு படி மாவுக்கு ஒரு ஸ்பூன் போடுங்க. வாரியமே இலவசமாத் தருது. நானோ பொடி."

அந்த வருஷம் எதற்கெடுத்தாலும் நானோதான். கார் நானோ, சோப்பு நானோ, ரயிலில் விற்கும் பல்பொடிகூட நானோ. ஆகவே ராமதாஸ் அந்தச் சொல்லுக்குப் பயப்படவில்லை. சொன்னபடி மறுநாள் ஒரு ஸ்பூன் போட்டார். இட்லி வெந்து இறங்கியது. துணியைப் பிரித்துப் பார்த்த நாகமணி கையை எடுத்துவிட்டாள். கண் கூசுகிற வெள்ளை. வெள்ளையடித்த சுவர் மாதிரி பளபளவென்று இருந்தது.

"என்னாங்க, இது இட்லியா, பெயிண்டா?" என்றாள்.

அவள் வாயில் வந்தது பாதி உண்மை. பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் டைட்டானியம் டை ஆக்சைடு என்று போட்டிருந்தது. சுவர்ப் பெயிண்டை வெள்ளையாக்குவதும் அதுதான் என்று வாசித்துச் சொன்னவர் பெனடிக்ட்.

பெனடிக்ட் வாடிப்பட்டிக்காரர். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி தங்கம் டீச்சருக்குக் குடலில் ஆபரேஷன் ஆகி, ஒரு முழத்துக்கு மேல் வெட்டி எடுத்துத் தைத்திருந்தார்கள். பெனடிக்ட் வார்டு வராந்தாவில் ஜமுக்காளம் விரித்துப் படுத்துக்கொண்டு, காலையிலும் சாயங்காலமும் எவர்சில்வர் டப்பாவோடு ராமதாஸ் கடைக்கு வருவார். வேளைக்கு இரண்டு இட்லி. பத்து நாளாக டீச்சர் வயிற்றில் தங்கியது அது ஒன்றுதான்.

வெள்ளை இட்லி கொண்டுபோன அன்று சாயங்காலம் பெனடிக்ட் காலி டப்பாவோடு வந்து நின்றார். "அண்ணே, காலையில இருந்து வயித்தப் பிடிச்சுக்கிட்டுத் துடிக்கிறா. மாவுல எதுவும் மாத்துனீகளா?"

ராமதாஸ் பொட்டலத்தைக் காட்டினார். இரண்டு பேரும் அதை எடுத்துக்கொண்டு வார்டு டாக்டரம்மாவிடம் போனார்கள். டாக்டரம்மாவுக்கு வயது முப்பது இருக்கும். பொட்டலத்தை இரண்டு தடவை படித்தார்.

"அந்த வலி இதுனாலதான்னு என்னால சொல்ல முடியாது. இதுனால இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார். "நாப்பது நானோமீட்டர்னா, ஒரு தலைமுடியோட கனத்த ரெண்டாயிரமாப் பிரிச்சா ஒரு பங்கு. இம்புட்டுப் பொடிசா இருக்கிறது குடல் சுவத்தத் தாண்டி ரத்தத்துல போகுதா, போனா எங்க போய்த் தங்குதுன்னு வெளிநாட்டுல இப்பத்தான் ஆராய்ச்சியே பண்ணிக்கிட்டு இருக்காங்க. முடிவு தெரியட்டும். அதுவரைக்கும் என் நோயாளியோட வயித்துல வச்சு யாரும் சோதிச்சுப் பாக்க வேணாம்."

மறுநாள் பொடி போடாத நாகமணியின் மாவிலேயே இரண்டு இட்லி வேகவைத்துக் கொடுத்தார்கள். டீச்சர் சாப்பிட்டாள், தூங்கினாள். இருபத்திரண்டு வருஷமாகத் தன்னை நம்பி டப்பாவை நீட்டுகிறவர்களின் வயிற்றுக்குள் என்ன போகிறது என்று தனக்கே தெரியாத நாள் ஒன்று வரும் என்று ராமதாஸ் நினைத்ததே இல்லை.

"மனுக் குடுப்போம்ணே" என்றார் பெனடிக்ட். குமாஸ்தாக்களின் கை சும்மா இருக்காது. அவரே எழுதினார். 'மேற்படி பொடி உட்கொள்ளப்பட்டபின் எங்கே செல்கிறது என்பதைத் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.'

வாரியத்தில் மனுவை வாங்கிக்கொண்டு, பதிலாக ஓர் அழைப்பிதழ் கொடுத்தார்கள். நகரத்து இட்லிக் கடைக்காரர்களுக்கான வெண்மை விழிப்புணர்வு மாநாடு. குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, ஆளுக்கொரு ஜோல்னாப் பை, அதற்குள் ஒரு பொட்டலம் வெண்ணொளி. வாரியத் தலைவர் முனைவர் அழகுமலை மேடையேறினார். அவர் முனைவர் பட்டம் வாங்கியது சுவர்ப்பூச்சில் என்பதை வரவேற்புரையாற்றியவர் பெருமையாகவே சொன்னார்.

"அன்பார்ந்த இட்லித் தொழில் முனைவோரே!" என்று ஆரம்பித்தார் தலைவர். "ஓர் உணவில் கலப்படம் இருக்கிறது என்றால் என்ன பொருள்? இருக்கிறது என்றால் நிற்க வேண்டும். எங்கே நிற்க வேண்டும்? சல்லடையில் நிற்க வேண்டும். கல் நிற்கும். மண் நிற்கும். பூச்சிக்கால் நிற்கும். நம் முன்னோர் எதைச் சல்லடையில் சலித்தார்களோ அதைத்தான் விஞ்ஞானமும் சலிக்கிறது."

அவர் கையசைத்ததும் உள்ளிருந்து ஒரு பித்தளைச் சல்லடை வந்தது. 1974இல் ரவையில் புழு பார்ப்பதற்காகப் பழைய சுகாதார அலுவலகம் வாங்கியது. புதிய வாரியம் ஏற்பட்டபோது மேசை நாற்காலிகளோடு அதுவும் வந்து சேர்ந்தது. வாரியத்தின் ஒரே ஆய்வுக் கருவி என்பதால், பட்டுத்துணி போட்டு மூடி, தாம்பாளத்தில் வைத்து ஏந்தி வந்தார்கள். முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

தலைவர் ஒரு சொம்புத் தண்ணீரில் வெண்ணொளியைக் கரைத்துச் சல்லடையில் ஊற்றினார். எல்லாம் கீழே பேசினில் இறங்கியது. சல்லடையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார்.

"என்ன நிற்கிறது?"

"ஒண்ணும் நிக்கலைங்க" என்றது கூட்டம்.

"இதுதான் ஆய்வு முடிவு. சல்லடையில் நிற்காத எதுவும் உணவில் இல்லை. இல்லாத பொருள் எப்படித் தீங்கு செய்யும்?"

கைதட்டல். பெனடிக்ட் விலாவில் இடித்ததால் ராமதாஸ் எழுந்து நின்றார். "ஐயா, கீழ பேசின்ல தண்ணி பாலா வெள்ளையா நிக்குதே."

தலைவர் அன்பாகச் சிரித்தார். "பேசினைச் சோதிக்க வாரியத்துக்கு அதிகாரம் கிடையாது."

"இல்லைங்கய்யா, அது வயித்துக்குள்ள போயி எங்க போகும்னு..."

"நல்ல கேள்வி. சில வெளிநாட்டு ஆய்வாளர்கள், இது குடலைத் தாண்டுமா என்பது இன்னும் தெரியவில்லை என்கிறார்கள். கவனியுங்கள், தெரியவில்லை! தெரியாத ஒன்றைச் சொல்லி மக்களைப் பயமுறுத்தலாமா? நம் வாரியம் பொறுப்புள்ள வாரியம். தெரிந்துகொண்டால் நடவடிக்கை எடுக்க வேண்டி வரும் என்பதால், தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கான எல்லா ஏற்பாடுகளையும் தொடக்கத்திலேயே செய்துவிட்டோம். நுண்ணோக்கி வாங்க நிதி வந்தது. அதைத் திருப்பி அனுப்பிய ஒரே வாரியம் நாம்தான்!"

இதற்கு இன்னும் பலத்த கைதட்டல். அப்புறம் சாப்பாடு. வந்தவர்களுக்கெல்லாம் தும்பைப்பூ இட்லி பரிமாறினார்கள். மேடையில் இருந்தவர்களுக்குத் திரைக்குப் பின்னால் ஏதோ கேரியரில் வந்தது.

திரும்பி வந்த ராமதாஸ், பயந்த மனிதன் செய்யக்கூடிய ஒன்றைச் செய்தார். மாவை இரண்டு பானையாகப் பிரித்தார். பொடி போட்ட மாவில் ஒரு தட்டு இட்லி ஊற்றி, கடை முகப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்தார். அது யாருக்கும் விற்பதற்கில்லை. உள்ளே கொப்பரையில் வேகிறது நாகமணியின் தொலி இட்லி. தவசி வாரத்துக்கு ஒருமுறை வந்து கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அட்டையைப் பிடித்து, "ஒண்ணு! தும்பைப்பூ!" என்று மலர்ந்து எழுதிக்கொண்டு போவார். பதினொரு நாள் வைத்திருந்தும் அந்த இட்லிகளின் நிறம் மங்கவில்லை. மாறாத வெண்மைக்கென்று தனியாக ஒரு பாராட்டுச் சான்றிதழும் வந்தது. அதை நாகமணி அரிசி டின்னுக்கு மூடியாக்கினாள்.

சேதி எப்படித்தான் பரவுமோ தெரியாது. மங்கல் இட்லி கேட்டு வருகிறவர்கள் கூடினார்கள். அவர்களில் மலையாண்டி என்று ஒரு டிரைவர். தினமும் ஏழரைக்கு மூன்றடுக்குக் கேரியரோடு வந்து, குரலைத் தணித்துக்கொண்டு, "அந்தப் புள்ளி வச்ச இட்லிண்ணே, எட்டு" என்பார். "எங்கய்யாவுக்குக் குடல்புண்ணு. மத்தது ஒத்துக்கிறல." எந்த ஐயா என்று ராமதாஸ் கேட்டதில்லை. வயிறு சரியில்லாதவர் என்றால் அவருக்குப் போதும்.

மார்ச் இருபதாம் தேதி தவசி வழக்கமான நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். அந்நேரம் பார்த்து மலையாண்டி கேரியரோடு திரும்பினார். தவசி மூடியைத் திறந்தார். எட்டு இட்லி, எட்டும் ஏழாம் எண். சட்டப்படி அவற்றை மூன்று பங்காக்கி, மூன்று பாட்டிலில் அடைத்து, அரக்கு வைத்துவிட்டுத்தான், "கேரியர் யாரோடது?" என்று கேட்டார்.

"தலைவர் வீட்டுது" என்றார் மலையாண்டி.

தவசியின் முகம் ஒன்பதாம் எண்ணுக்குப் போனது. ஆனால் படிவம் எழுதியாகிவிட்டது. கிழித்தால் படிவத்தின் வரிசை எண் விட்டுப்போகும். எண் விட்டுப்போனால் அவர் வேலை போகும். கேரியர் யாருடையது என்ற இடத்தில் 'பொதுமக்களில் ஒருவர்' என்று எழுதினார்.

மாதிரி சல்லடைக்குப் போனது. இட்லியைக் கரைத்து ஊற்றினார்கள். எல்லாம் இறங்கியது, நாலு உளுந்துத் தொலியைத் தவிர. வாரியத்தின் வரலாற்றிலேயே சல்லடையில் ஏதோ ஒன்று நின்றது அதுதான் முதல் தடவை. ஆய்வுக்கூடத்தில் ஆளுக்காள் கைகொடுத்துக்கொண்டார்களாம். அறிக்கை வந்தது: 'அன்னியப் பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. நிறம் கருப்பு. எண்ணிக்கை நான்கு. மனித நுகர்வுக்குத் தகுதியற்ற கலப்பட உணவு.'

ராமதாஸ் அறிக்கையோடு வார்டுக்கு ஓடினார். பெயிண்டுப் பொடி உணவு, உளுந்து கலப்படம்! டீச்சருக்குத் தையல் ஆறாததால் இன்னும் வராந்தாவிலேயே இருந்த பெனடிக்ட் அதை மேலும் கீழும் வாசித்துவிட்டு, "நடைமுறை சரியாத்தாண்ணே இருக்கு" என்றார். முப்பது வருஷ குமாஸ்தா வேலையில் அதற்குமேல் கோபப்பட அவருக்குப் பழக்கமில்லை.

ஏப்ரல் முதல் தேதி உத்தரவு வந்தது. உரிமம் நிறுத்திவைப்பு. விலைக்கோ இலவசமாகவோ பொதுமக்களில் எவருக்கும் அந்த இட்லியைக் கொடுத்தால் ஆறு மாதம் சிறை. கலப்பட உணவை அதிகாரிகள் முன்னிலையில் அழிக்க வேண்டும் என்பது சட்டம். அதனால், 'வழக்கு முடியும் வரை, குற்றவாளி நாள்தோறும் அதே பக்குவத்தில் நூற்றிருபது இட்லிகள் தயாரித்து, காலை எட்டு மணிக்கு, சூடு ஆறுமுன், வாரிய அலுவலகத்தில் ஒப்படைத்து அழிப்புக்கு உட்படுத்த வேண்டும்.'

"அழிக்கிறதுக்கு எதுக்குங்க சூடு?" என்றாள் நாகமணி.

அது முதல் நாளே தெரிந்தது. வாரியத்தின் கூட்ட அறையில் தலைவர் நடுவிலும் அதிகாரிகள் இரு பக்கமும் வாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு கிண்ணத்தில் தேங்காய்ச் சட்னி. தவசி மகசரை வாசித்தார். "இன்று காலை எட்டு மணிக்கு, பொதுமக்கள் நலன் கருதி, தகுதியற்ற இட்லிகள் நூற்றிருபதும் கீழ்க்கண்ட அதிகாரிகளால் அழிக்கப்படுகின்றன." அழித்தார்கள். தலைவர் மட்டும் பதினொன்று அழித்தார். கணக்குப் பிரிவு அதிகாரி, வாய் நிறைய அழித்துக்கொண்டே, "இம்புட்டு மெதுவா எப்படிய்யா வருது?" என்று கேட்டார். சட்னி, மகசரில் 'அழிப்புக்கான துணைப்பொருள்' என்று பதிவாயிற்று.

மகசருக்குப் பொதுமக்களில் ஒருவர் சாட்சியாக வேண்டும். வாசலில் டப்பாவோடு நின்றிருந்த பெனடிக்டைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவர் போட்டார். பேனாவை மூடிவிட்டு, "ஐயா, எஞ்சம்சாரத்துக்குக் குடல் ஆபரேஷன். நேத்து ஆஸ்பத்திரி கேன்டீன் இட்லி குடுத்தாக, அந்த வெள்ளை. அம்புட்டும் வாந்தி. இன்னைக்கு இன்னும் ஒண்ணும் சாப்பிடலை. இதுல ரெண்டே ரெண்டு..." என்று டப்பாவைத் திறந்து காட்டினார்.

தலைவர் இட்லியை விழுங்கும்வரை அறை காத்திருந்தது. "மிஸ்டர் பெனடிக்ட், உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் இது தகுதியற்ற உணவு. ஒரு நோயாளிக்கு இதைக் கொடுக்க என் மனசாட்சி இடம் கொடுக்காது. ஆபத்து என்றால் அதை முதலில் தாங்க வேண்டியவர்கள் அதிகாரிகள். அதற்குத்தானே நாங்கள் இருக்கிறோம்? தவசி, இன்னும் இரண்டு வைங்க."

பெனடிக்ட் டப்பாவை மூடிக்கொண்டார். வெளியே வந்ததும் ராமதாஸின் கையைப் பிடித்தார். "அண்ணே, யாருக்கும் தெரியாம..."

"ஆறு மாசம் உள்ள போட்ருவாக சார்" என்றார் ராமதாஸ். சொல்லும்போதே தன் குரல் தனக்கே அசிங்கமாக இருந்தது. பெனடிக்ட் பிடித்த கையை விட்டார். பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

இரண்டாம் நாளும் அழிப்பு நடந்தது. மூன்றாம் நாளும் நடந்தது. தங்கம் டீச்சருக்குக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் கழுவிய அண்டாவைக் கவிழ்த்து வைத்த நாகமணி நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

"என்னாங்க, தின்னு கொழுத்தவுகளுக்கு நூத்தியிருவது அள்ளிக் குடுக்குற கைக்கு, அந்த டீச்சருக்கு ரெண்டு குடுக்க நடுக்கமா?"

ராமதாஸ் அடுப்பு முன்னால் உட்கார்ந்தார். வெட்கத்தில் அவருக்குக் கண் கலங்கியது. பிறகு எழுந்து, பரண்மேல் கிடந்த ஜோல்னாப் பையை இறக்கி, மாநாட்டில் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தார்.

நாலாம் நாள் விடிந்தது. முதல் ஈட்டில் தொலி மாவு ஊற்றினார். வெந்ததும் இரண்டை இலையில் மடித்து, தானே வார்டுக்குக் கொண்டுபோய் பெனடிக்டின் டப்பாவில் வைத்தார். "மூணு நாளு பயந்துட்டேன் சார். மன்னிச்சுக்கங்க" என்றார். மற்ற நூற்றிருபது இட்லியும் வேறு பானையில் தயாரானது. அதற்கு அவர் ஒரு படிக்கு ஒரு ஸ்பூன் என்ற கணக்கெல்லாம் பார்க்கவில்லை.

சரியாக எட்டு மணிக்குக் கூட்ட அறையில் அண்டா இறங்கியது. இலைகள் போட்டிருந்தன. சட்னிக் கிண்ணங்கள் வந்துவிட்டன. தவசி மகசரை வாசித்துவிட்டு மூடியைத் திறந்தார். அறையே வெளிச்சமான மாதிரி இருந்தது.

"என்னய்யா இது?" என்றார் கணக்குப் பிரிவு அதிகாரி.

"இட்லி சார்."

"இம்புட்டு வெள்ளையா இருக்கு!"

தவசி பழக்கதோஷத்தில் அட்டையை எடுத்துப் பிடித்தார். "ஒண்ணு. தும்பைப்பூ. அதுக்கும் மேல ஒரு கட்டம் இருந்தாப் போடலாம் ஐயா."

"வாரியம் சொன்னதக் கேட்டுத் திருந்திட்டேன் ஐயா" என்றார் ராமதாஸ். அண்டாவிலிருந்து எடுத்து இலைக்கு மூன்றாக வைத்துக்கொண்டே போனார். தலைவருக்குப் பதினொன்று வைத்தார். யாரும் தொடவில்லை.

தவசிதான் முதலில் வாயைத் திறந்தார். அன்றைக்குச் சஷ்டி, தான் விரதம் என்றார். அன்று சஷ்டி இல்லை. கணக்குப் பிரிவு அதிகாரிக்குச் சர்க்கரை இருப்பது திடீரென்று ஞாபகம் வந்தது. இன்னொருவர் வீட்டிலேயே பலகாரம் முடித்துவிட்டு வந்திருந்தார். ஒருவர் போன் வந்ததாகச் சொல்லி, அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். இலைகளில் இட்லிகள் ஆறிக்கொண்டிருந்தன.

அப்போது சாட்சிக் கையெழுத்துக்காக பெனடிக்ட் உள்ளே வந்தார். டப்பா காலியாக இருந்தது. ராமதாஸின் காதருகே குனிந்து, "ரெண்டும் உள்ள போயிருச்சுண்ணே. வலி இல்லை. இன்னொண்ணு இருக்கான்னு கேட்டா" என்றார்.

ராமதாஸ் நிமிர்ந்து நின்றார்.

தலைவர் தன் இலையைச் சற்றே தள்ளிவைத்தார். குரலில் மேடைத் தமிழ் இல்லை. "ஏம்ப்பா ராமதாஸ், உண்மையச் சொல்லு. இதுல அந்தப் பொடி இருக்கா?"

"சல்லடையில ஊத்திப் பாத்துட்டேங்கய்யா. ஒண்ணும் நிக்கலை" என்றார் ராமதாஸ். "சட்னி வைக்கட்டுங்களா?"